நடுப்படி இல்லாத ஏணி: அசாம் மாணவர்களும் குடிமைப் பணியும்

அசாமில் ஏதேனும் ஒரு கல்லூரியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், பழைய அரசாங்கம் ஒன்றின் அலுவலர் பட்டியலைப் படிப்பதுபோல் இருக்கும். போரா, சைகியா, ஹசாரிகா, ராஜ்கோவா, பூகன். இன்று குடும்பப் பெயர்களாக வழங்கும் இவை ஒரு காலத்தில் பதவிப் பெயர்கள். 1228இல் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் கால்கொண்டு 1826 வரை நீடித்த அஹோம் அரசு, உடல்வலுவுள்ள ஆண்களைப் ‘பைக்’ என்ற பெயரில் பதிந்து, முறைவைத்து அரசு வேலைக்கு அழைத்தது. 20 பைக்குகளுக்கு மேலே ஒரு போரா. 100 பேருக்கு சைகியா, 1,000 பேருக்கு ஹசாரிகா, 3,000 பேருக்கு ராஜ்கோவா, 6,000 பேருக்கு பூகன். தமிழர்கள் பாட்டால் அறிந்த பூபேன் ஹசாரிகாவின் பெயருக்குள்ளும் ஆயிரம் பேருக்குத் தலைவர் என்ற பதவி ஒளிந்திருக்கிறது.

நிர்வாகம் பெயரிலேயே படிந்துவிட்ட இந்த மாநிலத்திலிருந்து, மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் வெல்பவர்கள் சிலரே. முடிவு வெளியாகும் நாளில் அசாமியச் செய்தித்தாள்கள் வென்றவர்களின் படத்தைத் தனித்தனியாக வெளியிடுகின்றன. தனித்தனியாக வெளியிட முடிகிற அளவில்தான் எண்ணிக்கை இருக்கிறது.

இதற்கு அங்கே பரவலாகச் சொல்லப்படும் காரணம் ‘நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் போதாது’ என்பது. காரணம் அப்படியென்றால் மருந்தும் அப்படித்தான் அமையும். கல்லூரி அரங்கில் கூட்டம் கூட்டுகிறார்கள். தேர்வில் வென்றவருக்குக் கமோசா என்ற அசாமியத் துண்டைப் போர்த்துகிறார்கள். அவர் தன் கதையைச் சொல்கிறார், மாணவர்கள் கைதட்டுகிறார்கள், கூட்டம் கலைகிறது. இத்தகைய கூட்டங்களைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் நோய் இன்னதென்று சரியாகக் கண்டார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆசையின் அளவு

2022 ஆகஸ்டில் அசாம் அரசு மூன்றாம், நான்காம் நிலைப் பணியிடங்களுக்கு ஒரு பொதுத் தேர்வு நடத்தியது. ஏறத்தாழ 30,000 இடங்களுக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். மாநில மக்கள்தொகையில் இருபத்தைந்தில் ஒருவர் என்று இதைக் கொள்ளலாம். வினாத்தாள் கசியக்கூடாது என்பதற்காகத் தேர்வு நேரத்தில் பெரும்பாலான மாவட்டங்களில் கைப்பேசி இணையத்தையே அரசு நிறுத்தி வைத்தது. ஒரு வேலைத் தேர்வுக்காக ஒரு மாநிலம் தன் இணையத்தை அணைக்கிறது என்றால், அந்த வேலைக்கு அங்கே என்ன விலை என்று ஊகித்துக்கொள்ளலாம். ‘சொர்க்காரி சாக்கொரி’, அதாவது சர்க்கார் உத்தியோகம், அசாமியக் குடும்பங்களில் கல்யாணப் பேச்சுவரை வந்து நிற்கிற சொல்.

ஆக, அரசுப் பணிமேல் ஆசை இல்லை என்ற பேச்சு நிற்காது. இருக்கிற ஆசை எழுத்தர் மேசையோடு நின்றுவிடுகிறது. மாவட்ட ஆணையரின் நாற்காலி வரை அது ஏறுவதில்லை.

ஏன் ஏறுவதில்லை என்பதற்கு ஒரு கிராமத்து மாணவனின் கண்ணால் அரசாங்கத்தைப் பார்க்க வேண்டும். ஊரில் அவனுக்குத் தெரிந்தவர் ‘காவ்ன்புரா’ எனப்படும் ஊர்த் தலைவர். நிலவரி வசூலிக்க மௌசதார். நிலத்தை அளந்து பதிவேட்டில் எழுத மண்டல். அதற்கு மேலே வட்ட அலுவலகத்தில் சர்க்கிள் அதிகாரி, நம் தாசில்தாரைப் போன்றவர். மாவட்ட ஆணையரை அவன் பார்ப்பது பெரும்பாலும் வெள்ளக் காலத்தில், படகிலோ பத்திரிகைப் படத்திலோ. மண்டல் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவன் மாமனோ அண்டை வீட்டுக்காரரோ சொல்லிவிடுவார். ஆணையர் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அந்த ஊரில் ஆளில்லை. ஏணியின் கீழ்ப்படியும் உச்சிப்படியும் கண்ணுக்குத் தெரிகின்றன. நடுப்படிகள்தாம் இல்லை. அவை எப்படிக் காணாமற்போயின என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

இரண்டு ஆனந்தராம்கள்

1826இல் யாந்தபூ உடன்படிக்கைக்குப் பிறகு அசாம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பைக் முறை கலைந்தது. அதோடு போராவும் சைகியாவும் ஹசாரிகாவும் பதவியிழந்து வெறும் பெயர்களானார்கள். 1836இல் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் வங்க மொழி வந்து அமர்ந்தது. அசாமியம் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது 1873இல்தான். இந்த 37 ஆண்டுகளில், புதிய நிர்வாகத்துக்கு வேண்டிய எழுத்தறிவு உள்ளூர்க்காரருக்கு அயல்மொழி வழியாகவே கிடைக்கும் என்றாயிற்று. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே மேசைகளை நிரப்பினார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தது கம்பெனி அரசு.

இந்த இழப்பை அன்றே உணர்ந்து எழுதியவர்கள் உண்டு. 1853இல் அசாமின் நிலையை ஆராய மொஃபாட் மில்ஸ் என்ற அதிகாரி வந்தபோது, மணிராம் திவான் அவரிடம் அளித்த மனுவில் வெளியாட்களை மௌசதார்களாக அமர்த்துவதைப் பற்றியும் புகார் சொன்னார். தேயிலைத் தொழிலில் முன்னோடியான அந்த மணிராமைத்தான் 1858இல் ஆங்கில அரசு தூக்கிலிட்டது. மில்ஸிடம் எழுத்து வடிவில் முறையிட்ட இன்னொருவர் ஆனந்தராம் டேக்கியால் பூகன். கொல்கத்தா இந்துக் கல்லூரியில் படித்தவர், அதே அரசாங்கத்தின் அதிகாரி. 1855இல் அசாமியம் தனி மொழியே என்று வாதிட்டு ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒரு சுதேசி’ என்று மட்டும் போட்டுக்கொண்டார். 1859இல், முப்பது வயது நிரம்புமுன்னே இறந்தார். அவர் கேட்டது 1873இல் நடந்தது.

இன்னோர் ஆனந்தராம், ஆனந்தராம் பருவா. 1850இல் வடக்கு குவாஹாட்டியில் பிறந்தவர். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, அசாமியரில் முதல் ஐ.சி.எஸ். அதிகாரியாகத் திரும்பினார். மாவட்ட நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று தொகுதிகளில் ஆங்கில–சமஸ்கிருத அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1889இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இந்த இருவரோடு நின்றுவிடவில்லை. அசாமிய நாடகத்துக்கு வித்திட்ட குணாபிராம் பருவா, ‘மிரி ஜியோரி’ நாவலை எழுதிய ரஜனிகாந்த பர்தலோய் ஆகியோரும் அரசு நிர்வாகத்தில் பணியாற்றியவர்கள். நம் காலத்துக்கு அருகில், அசாம் குடிமைப் பணியில் சேர்ந்து பின்னர் அதை உதறிவிட்டுப் பத்திரிகையாளரான ஹோமேன் பர்கோஹாயின் 1978இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். அதிகாரியின் கையில் எழுத்தாளனின் பேனாவும் இருப்பது அசாமில் புதுமையே அல்ல. முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதவேண்டிய ஒரு மாணவருக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி வேறு எங்கே கிடைக்கும்? மேடையில் பேச வருகிறவர்கள் இந்தப் பெயர்களை மாலைபோட மட்டும் எடுக்கிறார்கள்.

தெருவுக்கு வந்த தலைமுறை

1901இல் காட்டன் கல்லூரி, 1948இல் குவாஹாட்டிப் பல்கலைக்கழகம், 1951இல் அசாம் பணியாளர் தேர்வாணையம் என்று நடுப்படிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. 1979இல் அந்நியர் எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. ஆறு ஆண்டுகள் பந்த், மறியல், ஊரடங்கு. தேர்வுகள் தள்ளிப்போயின; கல்வியாண்டையே இழந்த மாணவர்கள் உண்டு. இயக்கத்தின் கோரிக்கைகளை எடைபோடுவது இந்தக் கட்டுரையின் வேலையில்லை. ஒரு தலைமுறையின் கனவை அது எப்படித் திருப்பியது என்பதை மட்டும் பார்க்கலாம்.

1985 ஆகஸ்டில் அசாம் உடன்பாடு கையெழுத்தானது. டிசம்பரில் மாணவர் தலைவராயிருந்த பிரபுல்ல குமார் மகந்தா முதலமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 33. பல்கலைக்கழக விடுதியிலிருந்து நேரே தலைமைச் செயலகத்துக்குப் போனவர்கள் என்று அந்த அமைச்சரவையைப் பற்றி இன்றும் சொல்வார்கள். இருபத்தோராம் வயதில் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த ஒருவன் முப்பதில் சார் ஆட்சியராகலாம். தெருவில் இறங்கியவன் அதற்குள் அவனுக்கே உத்தரவு போடும் இடத்துக்குப் போய்விட்டான். அந்தக் காலத்து இளைஞன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

அதன்பின் வந்தது ஆயுதக் காலம். 1990இல் ஆயுதக் குழுவான அல்ஃபாவுக்கு எதிராக ராணுவ நடவடிக்கை. 1991இல் அதிகாரிகளும் பொறியாளர்களும் கடத்தப்பட்டார்கள். மாவட்ட அதிகாரி என்பவர் ஒருபுறம் துப்பாக்கிக்கும் மறுபுறம் சந்தேகத்துக்கும் நடுவில் நிற்கிறவர் ஆனார். வசதியிருந்த பெற்றோர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை டெல்லிக்கும் புனேக்கும் பெங்களூருக்கும் ரயிலேற்றினார்கள். ஊரில் நின்றவர்கள் வசதியில்லாதவர்கள். இந்தப் பிரிவினையின் தடம் இன்றுவரை அழியவில்லை. குவாஹாட்டியில் பள்ளிப்படிப்பு முடித்து, டெல்லி இந்திரப்பிரஸ்தா கல்லூரியிலும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் படித்து, 2006இல் ஐ.பி.எஸ். ஆன சஞ்சுக்தா பராஷர் இந்தத் தடத்தில் வந்தவர். விதிவிலக்கும் இருக்கிறது. தேஸ்பூரைச் சேர்ந்த மருத்துவர் மயூர் ஹசாரிகா 2022ஆம் ஆண்டுத் தேர்வில் அகில இந்திய அளவில் ஐந்தாம் இடம் பெற்றார். முதல் விருப்பமாக அவர் சொன்னது அயலுறவுப் பணியை. அவர் மருத்துவம் படித்தது குவாஹாட்டியில். அசாமுக்குள் படித்தே ஐந்தாம் இடத்துக்குப் போகலாம் என்பதற்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது. ஒரு சான்று ஒரு பாதையாகிவிடாது.

ஆறு வகுக்கும் நாட்காட்டி

குடிமைப் பணியின் முதல்நிலைத் தேர்வு மே கடைசியிலோ ஜூனிலோ நடக்கிறது. பிரம்மபுத்திராவும் பராக்கும் பெருகத் தொடங்குவதும் அப்போதுதான். 2022ஐ எடுத்துக்கொள்வோம். மே மாத நடுவில் திமா ஹசாவ் மலைகளில் பெய்த மழையில் நியூ ஹாஃப்லாங் ரயில் நிலையம் சேற்றுக்குள் போனது. பராக் பள்ளத்தாக்கைக் குவாஹாட்டியோடு இணைக்கும் ரயில்பாதை ஜூலை வரை திறக்கவில்லை. அந்த ஆண்டு முதல்நிலைத் தேர்வு ஜூன் 5. அதே ஜூனில் சில்சார் நகரம் நீரில் மிதந்தது. பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாயின. டெல்லியின் பயிற்சி மையத்தில் ஒருவர் கடைசி மாதிரித் தேர்வை எழுதிக்கொண்டிருந்த வாரங்களில், இங்கே ஒருவர் அரிசி மூட்டையைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்துவிடும். அரிப்பு எடுத்துக்கொண்டது திரும்பி வராது. 1950க்குப் பின் அசாம் ஆற்றரிப்பில் இழந்த நிலம் நான்கு லட்சம் ஹெக்டேருக்கு மேல், மாநிலப் பரப்பில் ஏழு சதவீதத்தைத் தாண்டும். வீட்டோடு சேர்த்துப் பள்ளியும் போகிறது. ‘சர்’ எனப்படும் ஆற்றிடைத் திட்டுகளிலும் ஆற்றுத் தீவான மாஜுலியிலும் இரண்டு மூன்று முறை வீடு மாறாத குடும்பம் குறைவு. வடகரையில் உள்ள தேமாஜி மாணவர் திப்ருகருக்குப் போக 2018 டிசம்பரில் போகிபீல் பாலம் திறக்கும்வரை படகுத்துறையில் காத்திருந்தார். அந்தப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது 1997இல்.

இதற்கு அப்பால் டெல்லி. குவாஹாட்டியிலிருந்து ராஜதானி ரயிலிலேயே ஒரு நாளுக்கு மேலாகிறது. அங்கே முகர்ஜி நகரிலோ ராஜேந்தர் நகரிலோ ஓர் அறை, பயிற்சிக் கட்டணம், இரண்டு மூன்று ஆண்டுச் சாப்பாடு. பணம் ஒரு தடை என்றால் முகம் இன்னொரு தடை. 2014 ஜனவரியில் அருணாசலத்து மாணவர் நிதோ தானியா டெல்லியில் தாக்கப்பட்டு இறந்தபின், வடகிழக்கு மக்கள் பெருநகரங்களில் படும் பாட்டை ஆராய மத்திய அரசு குழு ஒன்று அமைத்தது. அதற்குத் தலைவர் எம்.பி. பெஸ்பருவா. அசாமிலிருந்து ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் போய் மத்தியச் செயலராக ஓய்வு பெற்றவர். தன் மண்ணின் பிள்ளைகள் தலைநகரில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை அம்மண்ணின் அதிகாரியே எழுதவேண்டி வந்தது. அந்த மண்ணிலிருந்து அதிகாரிகள் வரவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

விதிப்புத்தகத்தில் இருக்கும் பள்ளங்கள்

முதன்மைத் தேர்வை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் எழுதலாம். அசாமியம், போடோ, வங்கம் மூன்றும் அதில் உண்டு. அசாமிய இலக்கியத்தையும் போடோ இலக்கியத்தையும் விருப்பப் பாடமாக எடுக்கலாம். காகிதத்தில் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் பொது அறிவு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இந்தியில் படித்தவர் தன் மொழியில் கேள்வியைப் படித்துத் தன் மொழியில் சிந்திக்கிறார். அசாமிய வழியில் படித்தவர் ஆங்கிலத்தில் படித்து, மனத்துக்குள் மொழிபெயர்த்து, பின்பு எழுதுகிறார். தமிழ் மாணவருக்கும் இதே கதைதான். அதனால்தான் 2013 மார்ச்சில், குறைந்தது 25 பேர் தேர்ந்தெடுத்தால்தான் ஒரு வட்டார மொழியில் முதன்மைத் தேர்வு எழுதலாம் என்று தேர்வாணையம் விதி கொண்டுவந்தபோது, நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டுக் குரல்களும் ஒலித்தன. சில வாரங்களில் விதி திரும்பப் பெறப்பட்டது. அது நின்றிருந்தால் தமிழைவிட முன்னதாக அடிபட்டிருக்கக்கூடியவை போடோ போன்ற சிறிய மொழிகள்.

அதிகம் பேசப்படாத பள்ளம் ஒன்று உண்டு. முதன்மைத் தேர்வில் ஓர் இந்திய மொழித் தாளில் தகுதி மதிப்பெண் பெற்றாக வேண்டும். மேகாலயா, நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர், அருணாசலம், சிக்கிம் மாநிலத்தவருக்கு மட்டும் இதில் விலக்கு. அசாம் பட்டியலில் இல்லை. மேகாலயாவின் காசி மாணவருக்கு விலக்கு உண்டு. எல்லைக்கு இப்பால் கார்பி ஆங்லாங்கில் இருக்கும் கார்பி மாணவருக்கு இல்லை. கார்பியும் மிசிங்கும் திமாசாவும் எட்டாவது அட்டவணையிலும் இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தேர்வில் மூன்றாவது மொழி என்று அவர்கள் சுமக்கிறார்கள்.

இன்னொன்று தேயிலைத் தோட்டத்தில். சோட்டா நாகபுரியிலிருந்து ஆங்கிலேயர் கூட்டிவந்த சந்தால், முண்டா, ஒராவோன் மக்களின் வழித்தோன்றல்கள் அசாமில் பிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஜார்க்கண்டில் இருக்கும் அவர்களுடைய உறவினர்கள் பழங்குடியினர். குடிமைப் பணித் தேர்வில் பழங்குடியினருக்கு 37 வயது வரை எத்தனை முறையும் எழுத வாய்ப்புண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, ஒன்பது முறை. ஒரே குலத்தில் பிறந்த இருவருக்கு, கொள்ளுப்பாட்டன் எந்த ரயிலேறினார் என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறுகிறது. இது போக, உயர்நிலைப் பள்ளியே அருகில் இல்லாத தோட்டங்கள் ஏராளமாக இருந்தன. தோட்டப் பகுதிகளில் மாதிரி உயர்நிலைப் பள்ளிகள் பெருமளவில் திறக்கப்பட்டதே 2022இல்தான். அங்கே சேர்ந்த பிள்ளைகள் பட்டம் பெற்றுத் தேர்வெழுத வருவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

விலைக்கு விற்கப்பட்ட படி

நடுப்படிகளில் முக்கியமானது மாநிலக் குடிமைப் பணி. அசாம் குடிமைப் பணியில் சேர்பவர் சர்க்கிள் அதிகாரியாகத் தொடங்கி, பணிமூப்பிலும் தகுதியிலும் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு உயரலாம். ஐ.ஏ.எஸ். மூத்த பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பதவி உயர்வால் நிரப்பப்படுகிறது. டெல்லிக்குப் போக முடியாத மாணவருக்கு நேர்மையான வழி இது.

அந்த வழியைத்தான் விற்றார்கள். 2016 நவம்பரில் அசாம் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவரே கைதானார். பணம் வாங்கிக்கொண்டு விடைத்தாள்களையும் மதிப்பெண்களையும் மாற்றியதாக எழுந்த வழக்குகளில், பணியில் சேர்ந்துவிட்ட அதிகாரிகள் வரிசையாகக் கைது செய்யப்பட்டார்கள். வேளாண் வளர்ச்சி அலுவலர் தேர்வு தொடர்பான வழக்கில் 2024இல் குவாஹாட்டி சிறப்பு நீதிமன்றம் முன்னாள் தலைவருக்குத் தண்டனை விதித்தது.

இதன் சேதம் கைதானவர்களின் எண்ணிக்கையில் இல்லை. ‘பணமில்லாமல் நடக்காது’ என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாய்க்கு அது சான்றானது. படித்துத் தோற்றவர்களுக்குத் தங்கள் தோல்வி உண்மையானதா என்றே தெரியாமல் போனது. அதன்பின் ஆணையத்தின் தேர்வு முறையும் பாடத்திட்டமும் மாறின. அசாமைப் பற்றிய தனித்தாள் ஒன்று முதன்மைத் தேர்வில் சேர்ந்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆனாலும் நம்பிக்கையை அரசாணை போட்டு வரவழைக்க முடியாது. தொடர்ந்து பத்து ஆண்டுகள் தேர்வு குறித்த நாளில் நடந்து, முடிவு குறித்த நாளில் வந்து, ஊரில் படித்த பிள்ளைக்கு வேலை கிடைப்பதை ஊர் பார்த்தால் அது தானே திரும்பும். ஆயிரம் ஊக்கப் பேச்சுகளைவிட ஒரு நேர்மையான முடிவுப் பட்டியல் வலிமையானது.

பாடத்திட்டத்துக்குள் இருக்கும் அசாம்

அசாம் மாணவரிடம் இல்லாதவற்றையே இதுவரை அடுக்கியாயிற்று. இருப்பதையும் சொல்ல வேண்டும். முதன்மைத் தேர்வுப் பாடத்திட்டத்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். பேரிடர் மேலாண்மை, உள்நாட்டுப் பாதுகாப்பு, எல்லை நிர்வாகம், ஆறாவது அட்டவணை, இடப்பெயர்வு, பல்லுயிர்ப் பாதுகாப்பு. டெல்லியில் அச்சிட்ட குறிப்புகளில் மற்றவர்கள் மனப்பாடம் செய்யும் இந்தத் தலைப்புகள், காசிரங்காவின் ஓரத்திலோ ஹாஃப்லாங்கிலோ துப்ரியிலோ வளர்ந்த ஒருவருக்கு வாழ்க்கைக் குறிப்பு. நிவாரண முகாமில் அரிசி பங்கிடும்போது யார் பெயர் விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நெறிமுறைத் தாளில் கேட்கும் சூழ்நிலை வினாக்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது. பார்த்ததைக் கேள்விக்கேற்ற விடையாக ஒழுங்குபடுத்தச் சொல்லித்தர ஆள் வேண்டும். குறை அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆட்கள் 35 மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அசாம்–மேகாலயா கூட்டுப் பணிப்பிரிவில் வேலை பார்க்கும் இளம் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளில் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து போனவர்களும் உண்டு. தெலங்கானாவில் பிறந்த கீர்த்தி ஜல்லி 2022 வெள்ளத்தில் கசார் மாவட்டத்தின் சேற்றில் இறங்கி நடந்த படம் நாடெங்கும் போனது. தாய்மொழி வழியில் படித்து, சிறு ஊரிலிருந்து வந்து, இரண்டு மூன்று முறை தோற்றுப் பின் வென்றவர்களும் அதிகாரிகளில் உண்டு. மாவட்ட நூலகத்தில் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாளைத் திருத்திக் கொடுத்தால் போதும். மேடைப் பேச்சு வேண்டாம், கமோசாவும் வேண்டாம். கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் சர்க்கிள் அலுவலகத்தில் வேலை பார்க்கவிட்டால், அதிகாரி என்பவர் என்ன செய்கிறார் என்பதும் அவர்களுக்கு விளங்கும்.

இதோடு கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141 பேர். தேர்வானவர்கள் 1,016 பேர். ஏறத்தாழ ஐந்நூற்று எண்பது பேருக்கு ஒருவர். இந்த எண்ணைச் சொல்லாமல் ஓர் இளைஞனை ஊக்கப்படுத்துவது, ஆழம் சொல்லாமல் ஆற்றில் இறக்குவதற்குச் சமம். எத்தனை முறை முயல்வது, எப்போது நிறுத்துவது, மாநிலப் பணி, வங்கி, ஆசிரியப் பணி என்று எந்தக் கரையில் ஏறுவது என்பதை முதல் நாளிலேயே பேசிவிட வேண்டும். கிடைத்த பதவியை விட்டுவிட்டு எழுதப்போன பர்கோஹாயினும் தோற்றவர் இல்லை.

2005இலிருந்து அசாம் அரசு மெட்ரிகுலேஷன் தேர்வில் நன்றாகத் தேறிய மாணவர்களுக்கு ஆனந்தராம் பருவாவின் பெயரில் விருது கொடுத்துக் கணினி வழங்கிவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பருவாவை ஐ.சி.எஸ். ஆக்கிய உதவி பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. கல்லூரிக்குப் பின், கடல் கடக்கக் காசில்லாத வேளையில் வந்தது. கில்கிறிஸ்ட் உதவித்தொகைதான் அவருடைய நடுப்படி. பட்டம் முடித்து, வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று கூசிக்கொண்டு நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு இரண்டு ஆண்டுச் சாப்பாட்டுச் செலவும் ஒரு படிப்பறையும் விடைத்தாள் திருத்த ஓர் ஆளும் கொடுக்க வேண்டும். அதற்கும் அதே பெயரை வைக்கலாம். பருவாவுக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் இருக்காது.